பிரேரணைக்குச் சார்பாகப் பேசியவன்

பள்ளி மலர் வெளியிடும் குழுத் தம்பி என்னிடம் கேட்டது கிரிக்கெட் கட்டுரை. "அண்ணை, படங்கள் நிறையக் கிடக்கு, எழுதத்தான் ஆளில்லை. உங்கட காலத்து பிக் மட்ச் ஒண்டை எழுதித் தாங்கோவன்" என்றார். பிக் மட்ச் நாட்களில் நான் மதிலோரம் நின்று தகரப் பேணியில் தாளம் போட்டவன். யார் எத்தனை ஓட்டம் எடுத்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பந்தாக நினைவில் நிற்கிற ஆட்டம் எனக்கு ஒன்றுதான்: 1983 யூன் கடைசியில் உயர்தர மாணவர் மன்றத்தில் நடந்த விவாதம். அதில் நான் வென்றேன். வென்றது சரியா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

பிரேரணையைக் கரும்பலகையில் எழுதியவர் அரசறிவியல் மாஸ்டர். "நீதிபதிகள் மக்களின் விருப்பத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும்." அவருடைய எழுத்து போகப்போகக் கீழே சரியும்; "வேண்டும்" வழமைபோலப் பலகையின் சட்டத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது. ஐம்பது சதக் குற்றியைச் சுண்டினார். எனக்குச் சார்புப் பக்கம் விழுந்தது. முகம் சுருங்கிப் போனேன். அந்த மாதம் அந்தப் பக்கம் நிற்க யாருக்குத்தான் மனம் வரும்?

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். லங்கா சமசமாஜக் கட்சியின் விவியன் குணவர்த்தன, முன்பு பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அந்த வருடம் மார்ச் 8 மகளிர் தின ஊர்வலத்தில் போனவர். கொள்ளுப்பிட்டிப் பொலிசார் அவரைக் கைது செய்தார்கள். அது சட்டவிரோதக் கைது என்று யூனில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொல்லி, 2,500 ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சில நாள்தான் போயிருக்கும். மூன்று நீதியரசர்களின் வீட்டு வாசல்களில் பஸ்ஸில் வந்து இறங்கிய கும்பல் தூஷணத்தால் ஏசியது. நீதியரசர்கள் பொலிசைக் கூப்பிட்டும் உதவி வரவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இது முதல் தடவையும் இல்லை. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின்போது துண்டுப்பிரசுரங்களைப் பறிமுதல் செய்த உடுகம்பொல என்ற பொலிஸ் அத்தியட்சகர் 10,000 ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்ததற்கும் இதே பரிசுதான். பதவி உயர்வு, காசை அரசாங்கமே கட்டியது.

இந்த நிலையில் நான் எழுந்து நின்று நீதிபதிகள் மக்களுக்குப் பணிய வேண்டும் என்று பேச வேண்டும்.

அன்றிரவு அப்பாவிடம் போனேன். அப்பா தெற்கில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், கிளாக்கராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊருக்கு வந்திருந்தார். அரச ஊழியருக்கு வைத்த சிங்களச் சோதனையை இரண்டு தரம் எடுத்துக் கோட்டை விட்டவர். அதனால் இன்கிறிமென்ற், அதாவது சம்பள உயர்வு, நின்றது. நின்றது நின்றதுதான். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு ஒரு பத்திரிகைத் துண்டும் மடித்து வைத்திருந்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் கொடுத்த தீர்ப்புச் செய்தி அது. அப்பாவைப் போலவே இன்கிறிமென்ற் மறுக்கப்பட்ட செ. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட்டிருந்தார். தனிச்சிங்களச் சட்டம், ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண், ஆகவே செல்லாது என்றார் அந்த நீதிபதி. அவர் தமிழரும் இல்லை. 1956இல் எந்தச் சட்டத்துக்காக ஒரு தேர்தலே வெல்லப்பட்டதோ அதைச் செல்லாது என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிறகு நடந்ததையும் அப்பா விளக்கின் திரியைக் கூட்டிக்கூட்டிச் சொன்னார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடாமலே, அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்குப் போடவே முடியாது என்று தள்ளிவிட்டது. 1969இல், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்), போடலாம், மொழிக் கேள்விக்கு நீங்களே விடை சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விடை வரவில்லை. 1972 யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு இல்லாமல் போனது, கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி முந்திய வருடமே அடைபட்டிருந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்ட சட்டத்தை நீதிமன்றம் தொட முடியாது என்றும் ஆனது. மக்கள் பிரதிநிதிகளுக்கு மேலே யாரும் இருக்கக் கூடாதாம்.

"மக்கள் எண்டு சொல்லித்தானே என்ர காசை நிப்பாட்டினவங்கள்" என்றார் அப்பா.

"அது மற்றப் பக்கத்துக்கான பொயின்ற் அப்பா. எனக்கு என்ர பக்கத்துக்கு வேணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் சின்ன வயதுக் கதை ஒன்று சொன்னார். ஊர்க் கமக்காரர் ஒருவர் எல்லை வழக்குக்கு நீதிமன்றம் போயிருக்கிறார். தோளில் கிடந்த சால்வையை எடுக்க மறந்துவிட்டார். நீதவான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம், பேனையால் சால்வையைச் சுட்டிக் காட்டினாராம், அவ்வளவுதான். மனுசன் பின்னேரம் வரை கைதிக் கூட்டுக்குள் குந்தியிருந்தார். வெளியே வரும்போது சால்வையைச் சுருட்டிக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். "அந்த நீதவானிட்ட ஆர் கேக்கிறது?" என்றார் அப்பா. "சாகுமட்டும் ஒருத்தரும் கேக்கேல்ல."

அந்தச் சால்வைதான் என்னை வெல்ல வைத்தது. மண்டபத்தில் அன்றைக்கு விஞ்ஞானப் பிரிவுக்காரர்களும் வந்து நின்றார்கள், ரியூசன் நாலரைக்குத்தான். நான் சால்வையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், தபாற்கந்தோருக்குக் கணக்காய்வு வருகிறது, நீதவானிடம் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். 1978 யாப்பையே எடுத்துக் காட்டினேன். நீதிமுறைத் தத்துவம் மக்களுடையது, அதைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் வாயிலாகப் பிரயோகிக்கிறது என்றல்லவா நாலாம் உறுப்புரை சொல்கிறது. அப்படியானால் நீதிபதி மக்களின் வேலையாள்தானே? மேசையில் அடித்தார்கள். எதிர்ப்பக்கம் பேசிய என் நண்பன், பிற்காலத்தில் சட்டத்தரணியானவன், மூன்று நீதியரசர் வீட்டு வாசலில் நின்ற பஸ்ஸைப் பற்றி மெல்லிய குரலில் சொன்னான். பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

முடிவில் மாஸ்டர் எழும்பினார்.

"தம்பி, மக்கள் மக்கள் எண்டு இருபத்திரண்டு தரம் சொன்னனீர். நான் எண்ணிக்கொண்டு இருந்தனான். ஆர் அது?"

"இந்த மண்டபத்தில இருக்கிற எல்லாரும், சேர்."

இன்னொரு கைதட்டல். "பஸ்ஸில வந்தவையோ?" என்று அவர் கேட்டது அதற்குள் அமுங்கிவிட்டது. முன்னால் இருந்த எனக்குக் கேட்டது. கேட்காதது போல் இருந்துகொண்டேன். சபையைக் கை தூக்கச் சொன்னார். எண்ணத் தேவையே இருக்கவில்லை. அவர் புள்ளி போட்டு வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஒரு மாதம் போகவில்லை, யூலை இனக்கலவரம் வந்தது. அதை இந்த மலரில் எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

மாஸ்டரைத் திரும்பக் கண்டது 2013 தை மாதம், பொங்கலுக்கு ஊர் போனபோது. எண்பதைத் தொட்டிருந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, மடியில் பேப்பர். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கிய கிழமை அது. திவிநெகும என்ற அபிவிருத்திச் சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்கள் வட மாகாணத்தில் அப்போது சபையே இல்லை. அதற்குப் பின்னால் வந்தது 117 பாராளுமன்ற உறுப்பினர் கையெழுத்திட்ட குற்றப்பிரேரணை. பதினொரு பேர் தெரிவுக்குழு. எதிர்க்கட்சியினர் நால்வரும் வெளியேறினார்கள். மிச்சம் ஏழு பேர் இருந்து மூன்று குற்றச்சாட்டு நிரூபணம் என்றார்கள். அந்தக் குழுவுக்கு அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னதையும் பொருட்படுத்தாமல் 11ஆம் திகதி வாக்கெடுத்தார்கள்.

"155க்கு 49" என்றார் மாஸ்டர் பேப்பரைத் தட்டி. "எங்கட மண்டபம் மாதிரித்தான். நீர் அண்டைக்கு எந்தப் பக்கம்?"

"சார்பாக, சேர்."

"வெண்டனீரோ?"

"வெண்டனான்."

சிரித்தார். பல் கட்டியிருக்கவில்லை. நான் அவருக்கு நல்ல பிள்ளையாக, நடந்தது பெரிய அநியாயம் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "பொறும். இதே அம்மாதானே 2010இல, ஜனாதிபதி எத்தனை தரமும் போட்டியிடலாம் எண்ட 18ஆவது திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம் எண்டு வழி விட்ட குழாமுக்குத் தலைமை தாங்கினவ. அதையும் மறக்கப்படாது. ஒரு நீதிபதியில பிழை இருந்தால் விசாரிக்கத்தான் வேணும். என்ர சண்டை விசாரிக்கிறதோட இல்ல. குற்றம் சாட்டினவனே தீர்ப்பும் எழுதி, அதை மக்கள் எண்டு கையெழுத்துப் போடுறானே, அதோட."

இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. நீக்கியதே செல்லாது என்று ஒரு கடிதத்தோடு ஷிராணி அம்மையாரை ஒரு நாளுக்குப் பதவியில் இருத்தினார்கள். அவர் ஓய்வுபெற, எங்கள் பக்கத்து ஶ்ரீபவன் பிரதம நீதியரசரானார். ரொறன்ரோ நண்பர்கள் வாட்ஸப்பில் பட்டாசு விட்டார்கள், நானும் விட்டேன். கடிதத்தால் ஒரு பிரதம நீதியரசரை இறக்கலாமா, ஏற்றலாமா என்று அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். முந்திய வருடம் காலமாகிவிட்டார்.

இப்போது நான் இருப்பது கலிபோர்னியாவில், சாந்தா கிளாரா கவுண்டியில். ரொறன்ரோவில் இருந்தவரை நீதிபதிக்கும் வாக்குக்கும் சம்பந்தம் இருக்கவில்லை, அங்கே நியமிப்பார்கள். இங்கே வாக்குச்சீட்டிலேயே நீதிபதிகள் வருகிறார்கள். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தொடரலாமா, ஆமா இல்லையா என்று கேட்கும். 1986இல் இப்படித்தான் மாநிலத்தின் முதல் பெண் பிரதம நீதிபதி ரோஸ் பேர்ட்டையும் கூட இருந்த இருவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மரண தண்டனைகளைத் தொடர்ந்து இரத்துச் செய்தார் என்பதே பிரசாரம். முதல் தடவை அந்தச் சீட்டைக் கையில் எடுத்தபோது, 1983 மேடையில் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்று புல்லரித்தது. பெயர்களைப் பார்த்தேன். ஒருவரையும் தெரியாது. வாய்க்குள் நுழைந்த பெயர்களுக்கு எல்லாம் "ஆம்" போட்டேன். மக்கள் விருப்பம் என்பதில் என் பங்கு அன்றைக்கு அவ்வளவுதான்.

2018இல் அப்படித் தப்ப முடியவில்லை. 2015 தையில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நீச்சல் வீரன் ஒருவன், சுயநினைவில்லாமல் கிடந்த பெண்ணை வன்கொடுமை செய்த வழக்கு. யூரிமார் மூன்று குற்றங்களிலும் குற்றவாளி என்றார்கள். அரச தரப்பு ஆறு வருடம் கேட்டது. நீதிபதி ஆரன் பேர்ஸ்கி கொடுத்தது ஆறு மாதம். மூன்று மாதத்தில் வெளியே வந்தான். நீதிபதியைத் திருப்பி அழைப்பதா, அதாவது வாக்கெடுத்து இடையிலேயே இறக்குவதா என்ற கேள்வி வாக்குச்சீட்டுக்கு வந்தது. நீதிபதியின் நடத்தையை விசாரித்த மாநில ஆணைக்குழு தவறு காணவில்லை. நன்னடத்தைத் திணைக்களமும் நீண்ட சிறை கேட்கவில்லை. தண்டனை போதாது என்ற அரச வழக்கறிஞர் தலைவரே நீதிபதியைத் திருப்பி அழைக்க வேண்டாம் என்றார். வசதியில்லாத, குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரச சட்டத்தரணிகளும் வேண்டாம் என்றார்கள்: பயந்த நீதிபதி கடைசியில் கடுமை காட்டுவது எங்கள் கறுப்பு, லத்தீன் பொடியன்களிடம்தான்.

என் மகளுக்கு அப்போது இருபது. அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கையை, அது வெளிவந்த அன்றே சமையலறையில் நின்று முழுதாக வாசித்துக் காட்டியவள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, ஒருவரும் இறக்கவில்லை.

வாக்குச்சீட்டு வந்த மாலை மேசையில் நான் 1983ஐ எடுத்தேன். பஸ், தூஷணம், பதவி உயர்வு. தாத்தாவின் இன்கிறிமென்றையும் எடுத்தேன்.

"அப்பா, உங்களுக்கு எப்பவும் அந்த பஸ்தான் ஞாபகம்" என்றாள். "ஜெயிலுக்குப் போனா அவனுக்குப் பெரிய பாதிப்பு வரும் எண்டு அந்த ஜட்ஜ் சொன்னவர். அவளுக்கு வந்த பாதிப்பு? ஒரு ஜட்ஜ் தன்னை மாதிரி ஒரு பெடியனைப் பாத்து இரங்கினால் அவரிட்ட ஆர் கேக்கிறது?"

அப்பாவின் கேள்வி, சொல்லுக்குச் சொல். அவள் தாத்தாவைக் கண்டதில்லை.

மேன்முறையீடு இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது, சட்டத்தை மாற்றலாம், மாற்றியும் விட்டார்கள், அடுத்தவனுக்கு ஆறு மாதம் கொடுக்க முடியாது என்று நான் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். சொல்லச் சொல்ல, கூட்டுக்குள் இருந்த கமக்காரரிடம் போய் நீதிச்சேவை ஆணைக்குழுவைப் பற்றி விளக்குகிறவன் போல எனக்கே பட்டது. ஆனாலும் பேனை "இல்லை"யில்தான் போய் நின்றது. தெருவில் சேர்கிற ஆத்திரம் இன்றைக்கு அவள் பக்கம் நிற்கிறது. நாளைக்கு யார் பக்கம் நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவள் "ஆம்" போட்டாள். யூன் 5ஆம் திகதி அறுபது வீதத்துக்கு மேலே அவள் பக்கம். 1932க்குப் பிறகு கலிபோர்னியாவில் நீதிபதி ஒருவர் இப்படி இறங்கியது அதுதான் முதல் தடவை.

நண்பன் சட்டத்தரணிக்கு அன்றிரவு செய்தி அனுப்பினேன்: மச்சான், இந்த முறை நான் உன் பக்கம், தோற்றுப்போனோம். "பின்வரிசைக்குக் கேட்டதோ?" என்று பதில் வந்தது.

வாக்குச்சீட்டு உறைகளை மகள்தான் தபாற்பெட்டிக்குக் கொண்டுபோனாள். என் உறையில் கையெழுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் கண்டுபிடித்துத் திரும்பி வந்து, பேனையையும் நீட்டினாள். கையெழுத்து வைத்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கிப் போனாள்.