வரிசையில் கடைசி ஆள்

மலையேற்றக் குழுவில் முன்னால் போகிற கைடைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். கடைசியில் வருகிறவன் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். கிர்கிஸ்தானின் தெற்கே ஓஷ் நகரில் மருத்துவம் படித்தபோது, கோடை விடுமுறைகளில் எனக்குக் கிடைத்தது அந்தக் கடைசி ஆள் வேலை. அங்கே படிக்கிற இந்தியப் பிள்ளைகள் ஏராளம், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். விமானக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் ஒன்றிரண்டு பேர் அங்கேயே தங்கி ஏதாவது வேலை தேடுவோம். ரஷ்ய மொழி தட்டுத்தடுமாறி வரும், ஆங்கிலமும் இந்தியும் தெரியும், மருத்துவ மாணவன் வேறு. லெனின் சிகர அடிவாரத்துக்கு ஆள்களை அழைத்துப்போகும் ஒரு சிறு நிறுவனத்துக்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

விதி ஒன்றே ஒன்றுதான். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை நான் தாண்டக் கூடாது. அவர் உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும், அவர் ஷூ லேஸ் கட்டினால் நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்பதற்கு லேசான வேலை. ஆனால் நம் கால் கேட்கிற வேகத்தில் நடக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நடப்பது பெரிய அலுப்பு. மெதுவாக நடந்தால் உடம்பும் சூடேறாது. முன்னால் போனவர்கள் வியர்த்துப்போய் ஜாக்கெட்டைக் கழற்றும் இடத்துக்கு நான் இரண்டு ஜாக்கெட் போட்டு நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஓஷ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். காலையில் அங்கே வேனில் ஏறினால் 3,615 மீட்டர் உயரத் தால்டிக் கணவாயைத் தாண்டி, சாரி-தாஷ் ஊரில் இறங்கி, அலாய் பள்ளத்தாக்கில் மேற்கே திரும்பி, சாரி-மொகோல் கிராமத்தைத் தொட்டு, கிசில்-சூ ஆற்றைக் கடந்து, மண்பாதையில் குலுங்கிக் குலுங்கி மாலைக்குள் அச்சிக்-தாஷ் புல்வெளிக்குப் போய்விடலாம். அடிவார முகாம் அங்கேதான், சுமார் 3,600 மீட்டரில். ஒரே பகலில் 2,600 மீட்டர் ஏற்றம், அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பயணத் திட்டம் அந்த விதியை முதல் நாளே மீறிவிடும். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கும். வேன் கதவைத் திறக்கும்போது யாருக்கும் அது உறைக்காது. எதிரே 7,134 மீட்டர் சிகரம் தெற்குத் திசையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஓடி ஓடிப் படம் எடுப்பார்கள். உயர நோயின் முதல் அடையாளமான தலைவலி நள்ளிரவில் வரும்.

என் வேலையின் நிஜமான பகுதி மறுநாள் காலையில் தொடங்கும். "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஃபைன்" என்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர், கஜக் மாணவி, புனேயின் மென்பொருள்காரர், எல்லோருக்கும் அதே பதில். மருத்துவமனையில் வலியைக் கூட்டிச் சொல்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். மலையில் குறைத்துத்தான் சொல்கிறார்கள். காரணம் புரியாமல் இல்லை. வருடம் முழுக்கச் சேர்த்த லீவு, கட்டிய பணம், அலுவலகத்தில் அடித்துவிட்டு வந்த சவடால். எல்லாவற்றுக்கும் மேல், தன்னால் மற்றவர்களும் நிற்க வேண்டி வந்துவிடுமோ என்ற கூச்சம். இந்தக் கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆபத்தானதும் அதுதான்.

கருவி இருக்கிறதே என்பீர்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்ஸிமீட்டர், கொரோனாவுக்குப் பிறகு தெரியாத வீடு இல்லை. அடிவார முகாமில் மாலைச் சாப்பாட்டுக் கூடாரத்தில் அதை நீட்டினால் நடப்பது தேர்வு முடிவு அறிவிப்பு. "எனக்கு 91, உனக்கு?" 86 வந்தவர் முகம் தொங்கிவிடும். விரல் குளிர்ந்திருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று தெரிந்துகொண்ட ஒருவர், முறை வருவதற்கு முன்பே டீக் கிண்ணத்தில் விரலைச் சூடேற்றி, ஆழ ஆழ மூச்சிழுத்து, 94 வாங்கிக்கொண்டு போனார். அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்வது? பிறகு எண்ணைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டேன். தனித்தனியாக, கூடார வாசலில், குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொள்வேன். அந்த எண்ணை மட்டும் நம்பி யாரையும் மேலே அனுப்பியதும் இல்லை, கீழே இறக்கியதும் இல்லை.

கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் ஒரே சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதற்குத் தப்பிக்க வழியில்லை. நேற்று இரவு எத்தனை தடவை எழுந்தீர்கள், சிறுநீர் என்ன நிறம், மாத்திரை ஏதாவது போட்டீர்களா, எத்தனை மணிக்கு? தலைவலி என்று ஒப்புக்கொள்ளாதவர் பாராசிட்டமால் போட்டதை ஒப்புக்கொள்வார். மாத்திரை போட்டது முன்னெச்சரிக்கை, தலைவலிதான் பலவீனம் என்று மனசு பிரித்து வைத்திருக்கிறது போலும்.

குதிரைக்காரர்களுக்குக் கேள்வியே தேவைப்படாது. முகாமுக்குச் சுமை ஏற்றும் ஒரு பெரியவர், நாங்கள் 'பாய்க்கே' என்று கூப்பிடுவோம், கிர்கிஸ்காரர்கள் அண்ணன் வயதுக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள், யூர்ட் கூடாரத்துக்குள் வரட்டி அடுப்பருகே உட்கார்ந்து வருகிறவர்கள் ஷூ கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே மரம் கிடையாது, காய்ந்த சாணிதான் எரிபொருள். கிண்ணத்தில் பாதி டீ ஊற்றிக் கொடுப்பார். நிறைய ஊற்றினால் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாகிவிடும், பாதி ஊற்றினால்தான் மறுபடி மறுபடி ஊற்ற முடியும். யார் இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டவில்லை, யார் போர்சோக் என்ற எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டைத் தொடவில்லை, யார் முடிச்சை அவிழ்க்க முடியாமல் ஷூவை இழுக்கிறார், எல்லாம் அவர் கண்ணில் விழும். நான் நாலு வருடம் படித்தது அவருக்கு அந்த அடுப்படியிலேயே கிடைத்திருந்தது. பல இரவுகளில் என் குறிப்பேட்டைவிட அவர் கண்ஜாடையைத்தான் நம்பினேன்.

ஓய்வு நாளில் நினைவுக் கற்கள் பக்கம் அழைத்துப்போவோம். 1974 ஆகஸ்டில் உச்சிக்கருகே புயலில் சிக்கி இறந்த 8 சோவியத் பெண்கள். 1990 ஜூலை 13 அன்று, ஆப்கானிஸ்தானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் பனிச்சரிவு கிளம்பி, 5,300 மீட்டரில் இருந்த இரண்டாம் முகாமை மூடியதில் இறந்த 43 பேர். அது மலையேற்ற வரலாற்றின் மிகப் பெரிய ஒற்றை விபத்துகளில் ஒன்று. சுற்றுலாவுக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு கைடு முனகுவார். எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. நாங்கள் போவது 4,400 மீட்டரில் உள்ள முதல் முகாம் வரைதான், அந்த ஆபத்து எங்கள் பாதையில் இல்லை. ஆனாலும் அன்று மாலை மட்டும் எல்லோரும் உண்மை பேசுவார்கள். "லேசா குமட்டுது" என்று இரண்டு பேராவது வந்து நிற்பார்கள்.

இந்தச் சிகரம் கிர்கிஸ்-தாஜிக் எல்லையில் இருக்கிறது. தாஜிகிஸ்தான் 2006இல் இதற்கு இப்னு சினாவின் பெயரை வைத்தது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். அவரைப் பற்றி ஒரு பழைய பாரசீகக் கதை உண்டு. என்ன நோய் என்று வாய் திறக்காத இளைஞன் ஒருவனின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊரை அறிந்த ஒருவரை அந்த நகரத்தின் பகுதிகளையும் தெருக்களையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாராம். எந்தப் பெயரில் நாடி துள்ளியதோ அந்த வீட்டுப் பெண் மேல் காதல் என்று கண்டுபிடித்தாராம். நடந்ததோ இல்லையோ, மறைக்கிற நோயாளியை மிரட்டாமல் பேசவைக்கிற வித்தை அதில் இருக்கிறது.

கோவைக்காரர் ஒருவரை இறக்கிய கதையைச் சொல்லாமல் முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர், தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர், முதல் நாள் குழுவில் முன்னணி. உயர நோய்க்கு ஓட்டக்காரர், சோம்பேறி என்ற பேதம் கிடையாது, சொல்லப்போனால் வேகமாக ஏறுகிறவர்தான் சீக்கிரம் மாட்டுகிறார். அன்று 4,100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் 'பயணிகள் கணவாய்' வரை ஏறிவிட்டு, இரவுத் தூக்கத்துக்கு அடிவார முகாமுக்கே திரும்பும் திட்டம். காட்டு வெங்காயம் மண்டிக் கிடக்கும் வெங்காயப் புல்வெளியைத் தாண்டி ஏற்றம் செங்குத்தானதும் அவர் மெல்ல மெல்லப் பின்னால் வந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"அண்ணா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சிதானுங்க தம்பி."

அன்று காலை கஞ்சி கிடையாது. முட்டையும் ரொட்டியும்.

சுமையோடு எங்களைக் கடந்த பாய்க்கே குதிரையை நிறுத்தினார். ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்ற அண்ணாவின் விரல்கள் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தன. பாய்க்கே என்னைப் பார்த்துக் கீழே கையைக் காட்டினார். நான் கோலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தேன். "இது மேல, குதிகாலை அடுத்த கால் விரலோட ஒட்டி வச்சு நடங்கண்ணா." மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். நடை தள்ளாடினால் விஷயம் தலைவலியோடு நிற்கவில்லை, மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்று அர்த்தம். அதற்கு முதல் மருந்து இறக்கம்தான்.

"அரை மணி நேரத்துல கணவாய் வந்துருமுங்க. ஒரு தொடு தொட்டுட்டு வந்தர்றேன். எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"கணவாய் இங்கேயேதான் இருக்குமுங்கண்ணா. இன்னும் மேல போனா, இறங்கணும்னு உங்களுக்கே தோணாம போயிரும்."

திட்டினார். நான் பதில் பேசவில்லை. வாக்கிடாக்கியில் கூப்பிட்டதும் தலைமை கைடு இறங்கி வந்து மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார். பாய்க்கே சுமையைப் பாறை ஓரம் இறக்கி வைத்துவிட்டு அவரைக் குதிரையில் ஏற்றினார். அந்தப் பக்கம் உடனே வந்து நிற்கும் மீட்பு வாகனம் குதிரைதான். முகாமில் ஜீப், மாலைக்குள் ஏறக்குறைய 3,000 மீட்டரில் இருக்கும் சாரி-மொகோல். இருட்டுவதற்குள் சூப் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். மறுநாள் ஓஷில் பரிசோதனை, எல்லாம் சரி.

வீட்டுக்குப் போனதும் இணையத்தில் எங்கள் நிறுவனத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவரைப் பயமுறுத்தி இறக்கிவிட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு. இறக்கியது பலித்துவிட்டால், இறக்க வேண்டியிருந்ததற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடுகிறது. கீழே வந்து நலமாகிவிட்டவரிடம், நீங்கள் மேலே நலமாக இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அந்தத் தள்ளாட்டம் அவர் நினைவிலேயே இல்லை. நிறுவனத்துக்கோ அந்த நட்சத்திரம் மட்டும்தான் கண்ணில் பட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாமே என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பொறுத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் ஓஷில் உட்கார்ந்திருந்தார்கள், 1,000 மீட்டரில்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, முதல் இரவு சாரி-மொகோலில் தங்கல், அடிவார முகாமுக்கு மறுநாள்தான் போக வேண்டும். இரண்டு, இறக்கும் குதிரைக்கான கூலி பயணக் கட்டணத்திலேயே சேர வேண்டும். அதுவரை குதிரைக் கூலியை இறங்குகிறவரே அந்த இடத்தில் எடுத்துக்கொடுக்க வேண்டும். நோயோடு தோல்வி, தோல்வியோடு செலவு. நடந்தே இறங்குகிறேன் என்று அடம்பிடித்துத் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

குதிரைக் கூலிக்கு உடனே சம்மதித்தார்கள், பெரிய தொகை இல்லையே. அடுத்த கோடையில் வித்தியாசம் தெரிந்தது. காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று தெரிந்தவர்கள், "இன்னிக்கு எனக்குக் குதிரை கிடைக்குமா?" என்று தாங்களாகவே வந்து கேட்டார்கள். ஒரு போலந்துப் பாட்டி அதைப் பேருந்து டிக்கெட் கேட்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டார், இறங்கினார், இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறி முதல் முகாம் வரை போய்விட்டு வந்தார்.

சாரி-மொகோல் இரவுக்கு மட்டும் சம்மதம் கிடைக்கவில்லை. ஒரு நாள் கூடினால் விலை கூடும், விலை கூடினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டார்கள். நான் படிப்பு முடித்துக் கிளம்பும் வரை அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை வேறு ஏதாவது மலையிலிருந்து குதிரையில் இறக்கப்பட்டவர்கள்.