என் பொன்னிறக் குதிரைக்கு இனம் தேடிய கதை

ஓஹையோ மாநிலத்தில் பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஆறு டாலருக்கு வாங்கிய ஒரு பிளாஸ்டிக் குதிரைதான் என்னை மாடல் குதிரைப் போட்டிக்குள் அழைத்து வந்தது. பொன்னிற உடலும் வெள்ளைப் பிடரியும் கொண்ட அந்தப் பெண் குதிரை, பிரேயர் என்னும் அமெரிக்க நிறுவனம் 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் விற்ற அராபிய இனக் குதிரைக் குடும்ப வரிசையைச் சேர்ந்தது. சிகாகோவில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை செய்துகொண்டிருந்த அந்த நிறுவனம், 1950 வாக்கில் ஒரு மேசைக் கடிகாரத்துக்கு அலங்காரமாக ஒரு குதிரையைச் செய்துகொடுத்தது. கடிகாரம் இல்லாமல் குதிரையை மட்டும் கேட்டு வந்தவர்களால்தான் இந்தத் தொழிலே பிறந்தது.

உயிருள்ள குதிரைகளை இனவாரியாக நிறுத்தி மதிப்பிடுவதைப் போலவே, இந்தப் போட்டியில் மாடல்களை நீண்ட மேசைகளில் நிறுத்தி நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆலையில் பூசிய வண்ணம் மாறாதவை, ஆர்வலர்கள் மாற்றியமைத்து வண்ணம் தீட்டியவை, சிற்பிகள் ரெசின் என்னும் கெட்டிப்படும் பிசினில் வார்த்தவை, பீங்கானில் செய்தவை எனப் பிரிவுகள் தனித்தனியே உண்டு. சேணமும் சிறு தடைகளும் வைத்துக் காட்சியமைக்கும் பிரிவும் இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருட்களைச் சேர்ப்பதற்கே ஓராண்டு பிடிக்கும் என்பதால், புதிதாக வருபவர்கள் ஆலை வண்ணக் குதிரைகளின் இனப் பிரிவில் தொடங்குவதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, என்னிடமிருந்த பதினொரு குதிரைகளையும் மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அலமாரியில் குறையற்றுத் தெரிந்தவற்றில் காது நுனியின் வண்ணம் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. வயிற்றின் அடியில் இரு பாதிகளையும் ஒட்டிய கோடு மேடாக நின்றது. இரண்டின் கால்கள் மஞ்சளாகப் பழுத்திருந்தன. நான்கு மட்டுமே தேறின. அவற்றை மென்மையான கம்பளித் துணியில் சுற்றி எடுத்துச் சென்றேன். குமிழி உறையை நேரடியாகச் சுற்றினால் கோடைக் காரின் வெப்பத்தில் வட்ட வட்டமாக வண்ணத்தில் அச்சு விழும் என்பதை வேறொரு குதிரையை இழந்து முன்பே கற்றிருந்தேன்.

காலையில் ஒவ்வொரு குதிரையின் காலிலும் பெயர், இனம், பால் எழுதிய சிறு அட்டையை நூலால் கட்டி, தூய அராபியப் பிரிவு அறிவிக்கப்பட்டதும் பொன்னிறக் குதிரையை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றேன். நடுவர் குனிந்து கால்களைப் பார்த்தார், அட்டையைப் படித்தார், நகர்ந்துவிட்டார். இடம் எதுவும் கிடைக்கவில்லை. பிரிவு முடிந்த பிறகு நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார்: பாலோமினோ என்னும் இந்தப் பொன்னிறத்தைத் தரும் மரபணு தூய அராபியக் குதிரைகளில் இல்லை, ஆகவே நிறமும் நான் எழுதிய இனமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பெட்டியில் நிறுவனம் அச்சிட்ட இனமே இறுதியானது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் உடலமைப்புக்கும் நிறத்துக்கும் பொருந்தும் இனத்தைத் தேர்வது உரிமையாளரின் பொறுப்பு. இந்தப் பொழுதுபோக்கில் என்னை முழுதாக ஈர்த்துக்கொண்டதும் அந்தத் தேடல்தான். அடுத்த மூன்று மாதங்கள் நூலகத்திலிருந்து குதிரை இன நூல்களை எடுத்து வந்து, என் குதிரையின் குழிந்த முகத்தையும் உயர்ந்த வாலையும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தாய் தந்தையில் ஒன்று மட்டும் தூய அராபியக் குதிரையாக இருக்கும் கலப்பினத்தில், மற்றொன்றின் வழியாகப் பொன்னிறம் வர முடியும். அதைச் சில வரிகளில் விளக்கி, அதே நிறத்தில் உண்மையான ஒரு கலப்பினக் குதிரையின் படத்தையும் ஒட்டி, அஞ்சலட்டை அளவில் ஒரு சான்று அட்டை செய்தேன். நின்றுகொண்டே நடுவர் படித்துவிடக்கூடிய நீளத்துக்கு அதைச் சுருக்குவதுதான் கடினமாக இருந்தது.

இரண்டாவது போட்டியில் அவளைக் கலப்பினப் பிரிவில் நிறுத்தினேன். நடுவர் அட்டையைப் படித்தார், மீண்டும் குதிரையைப் பார்த்தார், மறுபடியும் அட்டைக்குத் திரும்பினார். நான்காம் இடத்துக்கான வெள்ளை ரிப்பன் கிடைத்தது. முதல் இரண்டு இடங்களைப் பெறும் குதிரைகள், பல பிரிவுகள் சேர்ந்த அந்தப் பகுதியின் சாம்பியன் சுற்றுக்கு அழைக்கப்படுகின்றன. வட அமெரிக்க மாடல் குதிரைப் போட்டிகளின் சங்கம் ஏற்ற போட்டியாக இருந்தால், தேசியப் போட்டிக்கான தகுதி அட்டையும் அவற்றுக்குக் கிடைக்கிறது. அவளுடைய வலது முன்குளம்பில் கடுகளவு தேய்மானம் இருப்பதால் அந்த வரிசைக்கு அவள் போவது கடினம் என்று நடுவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் குளம்பில் வண்ணம் தொட்டுச் சரிசெய்தால் அவள் ஆலை வண்ணப் பிரிவுக்கே உரியவள் அல்லாமல் போய்விடுவாள் என்பதால், அதை அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த போட்டிக்கும் அவளை அதே அட்டையோடு கொண்டுபோகிறேன்.