திண்ணையிலிருந்து விழுந்த பிள்ளை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வீடு தேடிப் போகும் பிசியோதெரபிஸ்ட் நான். மூளை ரத்தக்குழாய்க் கோளாறுக்கு மதுரையில் வைத்தியம் பார்த்துத் திரும்பிய பிள்ளைகளை ஓர் ஆய்வுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, கை கால் எப்படி இயங்குகிறது என்று படிவத்தில் எழுதி அனுப்புவேன். "பச்சப் பிள்ளைக்கு வாதம் வருமா?" என்று கேட்காத வீடே கிடையாது. வரும். தாய் வயிற்றில் இருக்கும்போதுகூட வரும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம். பிள்ளைக்கு அப்போது பதினோரு மாதம். அம்மா அவனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கத் திரும்பியிருக்கிறாள். முழங்கால் உயரம்தான். விழுந்தான், அழுதான், பால் குடித்துத் தூங்கியும்விட்டான். எழுந்தபோது வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

முதல் தடவை நான் போனபோது அந்தப் பெண் தூணுக்குப் பின்னால் நின்றாள். கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பத்தாதான் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் "இவ ஒழுங்காப் பாத்திருந்தா" என்று முடிந்தது. விழுந்த நேரம் என்ன என்று அவளிடமே கேட்டேன். "நாலு பத்துக்கா. ஆத்தங்குடிக் கல்லு மேல" என்றாள். அந்தக் கல்லைத் தினமும் அவள்தான் துடைக்கிறாள்.

பிள்ளையின் சி.டி. ஸ்கேனில், மூளையின் உட்பகுதிக்குப் போகும் மயிரிழைக் குழாய்களின் வழியே வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. குழாய்ச் சுவரில் படிந்த கால்சியம். எம்.ஆர்.ஐ.யில் ரத்தம் போகாத இடம் தெரியும், இந்தப் புள்ளிகள் தப்பிவிடலாம். 2014-ல் ஹைதராபாத் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தொகுத்து எழுதினார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், சாதாரணமாக விழுந்து, ஒரு பக்கம் செயலிழந்த பிள்ளைகள். படிவு முன்பே இருந்திருக்கிறது. எல்லாப் பிள்ளையும்தான் விழுகிறது. இந்தக் குழாய்கள் அந்தச் சின்ன அதிர்ச்சியைத் தாங்கவில்லை. இவர்களில் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதும் அப்படித் தொகுத்ததால் தெரிந்ததுதான். மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் அப்பத்தாவிடம் சொன்ன விதத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். "ரத்தக்குழாயில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வெற்றிலை போடும் விரலைப் பார்த்துக்கொண்டார். அதே விரலால்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறார். ஒரு தலையிலிருந்து இறக்கிய பழியை இன்னொரு தலையில் ஏற்றிவிட்டேனே என்று பதறிப்போய், வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். அதிலிருந்து எந்த வீட்டிலும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

அப்புறம் வேலையைத் தொடங்கினோம். நன்றாக இருக்கும் இடது கைக்குத் துணிப்பை ஒன்றை மாட்டிவிட்டு வலது கையை வேலை வாங்க வேண்டும். ஓர் ஓலைக் கொட்டானை முன்னால் வைத்து அதில் வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டுப் போட்டோம். முதல் நாள் அவன் துணிப்பையைக் கடித்தான், அழுதான். மூன்றாவது வாரம் வலது கை கொட்டானின் விளிம்பு வரை வந்து நின்றது. விரல் விரியவில்லை. மணிக்கட்டை நான் தாங்கிப் பிடித்ததும் கட்டைவிரல் மெதுவாக வெளியே வந்தது. பணியாரம் நசுங்கித் தரையில் விழுந்தது. அம்மா தூணை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

(ஒரு வயதுக்குள் பிள்ளை எதற்கும் ஒரே கையை நீட்டினால், இடது கைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.)

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வேறு மாதிரி. அழுதால் கை விழுந்துவிடும், கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். நடிப்பு என்று அடியும் வாங்கியிருக்கிறாள். அது மோயாமோயா. தலைக்குள் போகும் பெரிய குழாய்கள் சுருங்கி, அவற்றுக்குப் பதிலாகச் சின்னக் குழாய்கள் புகைபோலக் கிளைக்கும். 1969-ல் ஜப்பானியர் வைத்த பெயர். அழும்போது மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, குழாய் இன்னும் சுருங்குகிறது. சூடான சோற்றை ஊதினாலும் வரலாம். ஆய்வு என்றால் மருந்து கண்டுபிடிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை நடிக்கவில்லை என்று சொல்ல முடிந்ததே, எனக்கு அதுவும் பெரிதாகத்தான் தெரிகிறது.

போன மாதம் கானாடுகாத்தான் பிள்ளை வலது கையால் கதவைத் தட்டிக்கொண்டு வந்தான். படிவத்தை முடித்துக் கிளம்பினேன். அப்பத்தா வாசல் வரை வந்து, "தாயி, திருப்பூர்ல இருக்கிற எம்மகன் இன்னும் இவளத்தான் பேசுறான். அன்னைக்குச் சொன்னீகளே, அத அவன்கிட்டயும் ஒருவாட்டி சொல்லிட்டுப் போங்க" என்று போனை நீட்டினார். நான் மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பெண் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.