தசைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் போகும்? ஒரு வாய்மொழித் தேர்வும் அதற்குப் பின் படித்த விதமும்

விலங்கியல் முதுகலையில் கருவளர்ச்சியியல் வாய்மொழித் தேர்வு. வளரும் தசைக்கு இரத்தக்குழாய் எதற்கு என்று வெளித்தேர்வாளர் கேட்டார். ஆக்சிஜன் கொண்டுவர என்றேன். "குழாயை விட்டு வெளியே வந்த ஆக்சிஜன் தானாக எவ்வளவு தூரம் போகும்?" என்று அடுத்துக் கேட்டார். புரதங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தயாராகப் போயிருந்த எனக்கு அந்த ஓர் எண் தெரியவில்லை. இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டிய இடமே அந்த எண்தான்.

திசுவுக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் பரவும். இரண்டு தலைமுடிகளை ஒட்டி வைத்தால் வரும் அகலம், அவ்வளவே. தூரம் இரண்டு மடங்கானால் பரவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். டென்மார்க்கின் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் குரோக் 1919-இல் இதைக் கணக்காகவே போட்டார். ஒவ்வொரு தந்துகியும், அதாவது மிக நுண்ணிய இரத்தக்குழாயும், தன்னைச் சுற்றியுள்ள ஓர் உருளை அளவுத் தசைக்கு ஆக்சிஜன் தருகிறது என்று எடுத்துக்கொண்டார். சமன்பாட்டை எர்லாங் என்ற கணிதவியலாளர் அமைத்துக் கொடுத்தார். தசைத் தந்துகிகள் பற்றிய ஆய்வுக்காக 1920-இல் குரோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த உருளையை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து, விளிம்பில் இருக்கும் செல்லைப் பென்சிலால் கருமையாக்குங்கள். மீதிப் பாடம் முழுவதும் அந்தச் செல்லின் கதைதான்.

அந்தச் செல் என்ன செய்கிறது? நான் பல நாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த பகுதி இது. ஆக்சிஜன் குறைந்தால் செல் எச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா என்ற புரதத்தைப் புதிதாகச் செய்கிறது என்று நினைத்திருந்தேன். செல் அதை எப்போதும் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு நொதி அந்த ஆக்சிஜனையே எடுத்து அப்புரதத்தின் மீது ஓர் அடையாளம் பதிக்கிறது, வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அதைக் கண்டு பிடித்துக்கொள்ள, சில நிமிடங்களில் புரதம் அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழுவதில்லை. தப்பிய புரதம் உட்கருவுக்குள் போய், இரத்தக்குழாயை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தின் மரபணுவை இயக்குகிறது. வி.இ.ஜி.எஃப். கசியும் திசையை நோக்கிப் பக்கத்துத் தந்துகியிலிருந்து ஒரு முனைச்செல் விரல்போல் நீள, பின்னாலுள்ள செல்கள் பெருகிக் குழாயாகின்றன. இரத்தம் வந்ததும் அழைப்பு தணிகிறது. 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் இந்த ஆக்சிஜன் உணர்வு முறையைக் கண்டவர்களுக்குத்தான். இரண்டு வி.இ.ஜி.எஃப். மரபணுப் பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த எலிக்கருவும் பிழைப்பதில்லை என்பதை விடையில் எழுதுங்கள். அளவு எவ்வளவு முக்கியம் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

வாஸ்குலோஜெனிசிஸ், ஆஞ்சியோஜெனிசிஸ் வேறுபாட்டைக் கட்டாயம் கேட்பார்கள். முன்னது முன்னோடிச் செல்கள் கூடிப் புதிதாகக் குழாய் அமைப்பது. பின்னது இருக்கும் குழாயிலிருந்து கிளைப்பது.

முடிந்தால் அடைகாப்புப் பெட்டியில் வைத்த, கரு வளரும் கோழிமுட்டை ஒன்றைச் செய்முறை வகுப்பில் திறந்து பாருங்கள். 72 மணி நேர முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி நான் பார்த்தபோது, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள்கருவின் மேல் பரவியிருந்த இரத்த வலை கருவைவிடப் பல மடங்கு பெரியது. கண்ணாடி வில்லையில் சாயமேற்றிய 33 மணி, 48 மணிக் கருக்களை எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தத் துடிப்பைப் பார்த்திருக்க முடியாது.

பாடநூல்கள் போகிறபோக்கில் தொடும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கையும் காலுமாக வளரப்போகும் மொட்டின் தசைச் செல்கள், கருவின் முதுகுப்பக்கத்தில் இருபுறமும் வரிசையாக அமையும் சோமைட்டுகள் என்ற செல்திரள்களிலிருந்து வருகின்றன. மொட்டிலுள்ள குழாய்ச் சுவர்ச் செல்களில் பலவும் சோமைட்டுகளிலிருந்தே வருகின்றன. கோழிக் கருவில், ஒரே திரளாக இருக்கும் தசை தனித்தனித் தசைகளாகப் பிரியப்போகும் கோட்டில் குழாய்கள் முன்கூட்டியே வந்து நிற்கின்றன. ஆக்சிஜன் தருவதோடு, தசைக்கு வடிவம் தருவதிலும் குழாய்க்குப் பங்கு உண்டு. பத்து மதிப்பெண் விடையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அன்று தேர்வாளர் கடைசியாகக் கேட்டது, கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் புறாவின் நெஞ்சுக்கறி சிவந்தும் இருப்பது ஏன் என்று. புறா நெடுந்தூரம் பறக்கிறது. அதன் நெஞ்சுத்தசையில் தந்துகிகளும், ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் சிவப்புப் புரதமான மையோகுளோபினும் மிகுதி. கோழியோ சட்டென்று எழும்பி இறங்குவதோடு சரி. நாளெல்லாம் நடப்பதால் அதன் கால்தசைதான் சிவந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் முழுதாக விடை சொன்னேன்.