முள்ளங்கி கேட்கும் பிள்ளையார்

தோக்கியோ போய் மூன்றாம் நாள் ஒரு நூடுல்ஸ் கடையில் ஏமாந்தேன். மீன் வேண்டாம், கறி வேண்டாம் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்கார அம்மாவும் பலமாகத் தலையாட்டினார். வந்த கிண்ணத்தில் சோபா நூடுல்ஸும் வெங்காயத்தாளும்தான் இருந்தன. பாதி குடித்த பிறகுதான் நாக்குக்கு உறைத்தது, சாறு முழுக்கக் கருவாடு. கட்சுவோபுஷி என்கிறார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது, உப்பு புளி மாதிரி. அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனால் மறுநாள் தோக்கியோவின் பழைய கோயில் பகுதியான அசகுசாவுக்குக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்று இனிப்பு மட்டும்தான்.

கமினாரிமோன் என்ற இடி வாசலில் 700 கிலோ எடையுள்ள சிவப்புக் காகித விளக்கு தொங்குகிறது. அதன் அடியில் படம் எடுக்க நிற்கும் கூட்டத்தைத் தாண்டினால் நகமிசே, கோயில் வரை 250 மீட்டருக்கு இரண்டு பக்கமும் கடைகள். முதலில் கண்ணில் பட்டது கமினாரி ஒகோஷி. பொரித்த அரிசியைச் சர்க்கரைப் பாகில் பிடித்துத் துண்டு போட்டது. பொரி உருண்டையைத் தட்டையாக்கினால் இதுதான். வெல்லத்தின் வாசனைதான் இல்லை. பக்கத்தில் நிங்யோ-யாகி கடையில் ஒருவர் இரும்பு அச்சுகளை இடைவிடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். திறந்தால் புறா, கோபுரம், விளக்கு என்று குட்டிக் குட்டிக் கேக்குகள். மாவில் முட்டை உண்டு, எனக்கு வேண்டாம் என்று நகர்ந்தேன்.

அகே-மஞ்ஜு கடையில் நின்றவன் நின்றவன்தான். பயற்றுப் பூரணம் வைத்த உருண்டையை மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிறார்கள். காகித உறையில் சுடச்சுட வாங்கிக் கடித்தேன். மேலே மொறுமொறு, அடுத்து பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, உள்ளே நாக்கைப் பொசுக்கும் பூரணம். சுசியம்! கடலைப்பருப்புக்குப் பதில் அசுகி என்ற சிவப்புப் பயறு, அவ்வளவுதான். ஏலக்காய் இல்லாதது ஒரு குறை. இரண்டாவதாக எள் போட்டது, மூன்றாவதாகப் பூசணி. கையில் பிடித்தபடி நடக்கப் பார்த்தபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே அறிவிப்புப் பலகையைக் காட்டினார். நடந்துகொண்டே தின்னக் கூடாது. வாங்கிய கடை வாசலிலேயே முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல பழக்கம், நம் சன்னதித் தெருக்களுக்கும் வேண்டும்.

சென்சோ-ஜி கோயிலின் கதை கி.பி. 628இல் தொடங்குகிறது. சுமிதா ஆற்றில் மீன் பிடித்த இரண்டு சகோதரர்களின் வலையில் கன்னோன் சிலை சிக்கியதாம். கன்னோன் நமக்கு அவலோகிதேஸ்வரர், பௌத்தத்தில் கருணையின் வடிவம். ஆனால் மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை. கட்டடமும் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் கான்கிரீட்டில் எழுந்தது. 100 யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கிச் சீட்டு எடுத்தேன். கெட்ட பலன். இங்கே நூற்றுக்கு முப்பது அப்படித்தான் வருமாம். எல்லாரையும் போல அதைக் கம்பியில் முடிந்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து ஆற்றுப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் மாட்சுச்சியாமா ஷோதென். சின்ன மேட்டின் மேல் ஒரு கோயில், சென்சோ-ஜியின் கிளை. கூட்டமே இல்லை. படியோரக் கல்லில், விளக்கில், எங்கு பார்த்தாலும் இரண்டு முள்ளங்கிகள் பின்னிக்கொண்ட சின்னம், கூடவே ஒரு சுருக்குப்பை. உள்ளே இருப்பவர் கான்கிதென், ஷோதென் என்றும் சொல்வார்கள். நம் பிள்ளையார்தான், சீனா வழியாகத் தாந்திரிக பௌத்தத்தோடு ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். இவரையும் பார்க்க முடியாது, திரை போட்ட சாமி. கியோத்தோவில் இவருக்கென்று பூரணம் வைத்துச் சுருக்குப்பை வடிவில் பிடித்து, நல்லெண்ணெயில் பொரித்த இனிப்பு ஒன்று உண்டு. மோதகம் எத்தனை தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்.

இங்கே படையல் முள்ளங்கி. மனதில் கிடக்கும் கோபம் என்ற விஷத்துக்கு அது அடையாளமாம், படைத்தால் அவர் அதைக் கழுவிவிடுவார். நூடுல்ஸ் கடை ஞாபகம் வந்தது. கோயிலிலேயே விற்கிறார்கள், முழங்கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒன்று வாங்கிப் படைத்தேன். திரும்பும்போது, ஏற்கெனவே படைத்து இறக்கிய முள்ளங்கிகளை எடுத்துப் போகலாம் என்று வைத்திருந்தார்கள். பிரசாதம்தான். ஜனவரி 7ஆம் தேதி முள்ளங்கித் திருவிழாவே நடக்குமாம். நான் போனது நவம்பரில்.

ஒன்றை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிய பிறகுதான் யோசித்தேன், விடுதி அறையில் அடுப்பும் இல்லை, கத்தியும் இல்லை. கழுவி அப்படியே கடித்தேன். நம் முள்ளங்கியின் காரமும் நெடியும் இல்லை. நீர் சொட்டச் சொட்ட, லேசான தித்திப்பு, நுனிக்குப் போனால் மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. நாலு கடிக்கு மேல் முடியவில்லை. அடுத்த நாள் மீதியைத் துண்டில் சுற்றி, வரவேற்பில் இருந்த பாட்டியிடம், தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தோடு நீட்டினேன். பல் பதிந்த முனையை ஒரு கணம் பார்த்தார்.

“ஷோதென்-சாமா?” என்றார். தலையாட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி நெற்றி வரை உயர்த்திவிட்டு உள்ளே கொண்டு போனார்.