மீசை எடுத்த மாசி

அழைப்பிதழ்களில் என் பெயருக்கு முன்னால் 'பல்துறைக் கலைஞர்' என்று போடுகிறார்கள். எங்கள் கூத்து வாத்தியார் இருந்து அதைப் படித்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில், சிவன் எரித்த மதனை மனைவி ரதி பாடி மீட்கிற காமன் கூத்துக்கு ஆள் கிடைப்பதே இல்லை. வாலிபர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். மாசியில் லீவு கேட்டால் முதலாளி தரமாட்டார், தீபாவளிக்குத்தான் தருவார். ஆகவே இருக்கிறவனே எல்லாம். தூதனாக ஓடிவந்து, தொழிலாளர் லயத்துக் கோடியில் சாக்குத் திரைக்குப் பின்னால் முகத்தைக் கழுவி, அதே இரவில் எமனாகக் கயிற்றோடு திரும்பியிருக்கிறேன். பல்துறை என்பது எங்கள் ஊரில் ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு பெயர்.

ரதி வேஷமும் அப்படித்தான் வந்தது. முன்னே கட்டியவர் மகளோடு வவுனியாப் பக்கம் குடிபோய்விட்டார். எனக்கு வயது 19, ஃபெக்டரியில் இரவு வேலை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றினார்கள். அன்றைக்கே விரதம் பிடித்து, மீசையையும் எடுத்தேன். அரும்பு மீசைதான், ஆனால் எனக்கு அது பெரிய சொத்து. கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு வாரம் என்னை 'தங்கச்சி' என்றே கூப்பிட்டார்கள்.

பாடிப் பழகியது ஃபெக்டரியில், கொழுந்து உருட்டும் ரோலருக்குப் பக்கத்தில். அது சுற்றும்போது அருகில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. முதலில் கத்திப் பார்த்தேன்; ரோலர்தான் ஜெயித்தது, விடியும்போது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிறகு ஒருநாள், கத்தாமல், குரலை மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே எங்கேயோ ஏற்றிப் பாடியபோது, அந்தக் கோடியில் ட்ரையரடியில் நின்ற அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். கேட்கிறதாம். என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த வருசம்தான் அப்பா தவறினார். பௌர்ணமி இரவு, சிவனின் நெற்றிக்கண் திறந்து மதன் எரிகிற கட்டம். கம்பத்தில் தீ ஏறியதும் ரதி ஒப்பாரி வைக்கவேண்டும். இரண்டு அடிதான் பாடினேன். அப்பாவின் ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது, நிஜமாகவே அழுதுவிட்டேன். குரல் நின்றுபோனது. தப்பு மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வாத்தியார் மூன்றாம் அடியை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒருபக்கம் பெருமைதான்: இவ்வளவு உருக்கமாக நடித்தவன் யார்! விடிந்ததும் அவர் வீட்டு இஸ்தோப்பில் இஞ்சிப் பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அழுவுறதுக்கு அங்கன நூறு பொம்பளைங்க இருக்காங்கடா. ஒன்னைய பாடத்தான கூப்புட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தீரப் பல மாசிகள் போயின. அழும்போது தொண்டை இறுகிவிடும், மூச்சு துண்டுதுண்டாகிவிடும். பாட்டுக்கு இரண்டுமே ஆகாது. எங்கே மூச்சை எடுத்தால் ஜனத்துக்கு விம்மல் போலக் கேட்கும் என்று கணக்குப் பார்த்துப் பழகினேன். கேட்பதற்குக் கல்நெஞ்சுக்காரன் வேலை போலிருக்கும். ஆனால் அப்படிப் பாடிய வருசங்களில்தான் கிழவிகள் முந்தானையால் முகத்தை மூடினார்கள்.

பல வருசம் கழித்து, கொழும்பில் ஒரு மண்டபத்தில், ஒபரா என்கிற இசைநாடகத்தில் பாடும் வெளிநாட்டுப் பாடகர் ஒருவரைக் கேட்டேன். மைக் இல்லை. பின்னால் ஒரு கூட்டமே வாத்தியம் வாசிக்கிறது, அதற்கு மேலே ஒற்றைக் குரல் தனியாக நிற்கிறது. விசாரித்தபோது காரணம் சொன்னார்கள். வாத்தியக் குழுவின் பலம் 500 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டியே கூடுதல், மேலே போகப்போக அது குறைந்துவிடும். பயின்ற குரலோ 3000 ஹேர்ட்ஸ் பக்கம் திரண்டு நிற்கும், காதுக்கு அது தப்பாது. எனக்கு ட்ரையரடி அண்ணனின் கைதான் ஞாபகம் வந்தது. ஒபராக்காரனுக்கு மண்டபம், எனக்கு ரோலர்!

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். 1607இல் இத்தாலியின் மாந்துவா நகரத்தில் மொண்டெவெர்டி என்ற இசையமைப்பாளர் அரங்கேற்றிய ஒபராவில், செத்த மனைவியை மீட்கக் கணவன் பாதாளத்துக்கே பாடிக்கொண்டு போகிறான். வழியில் திரும்பிப் பார்த்ததும் அவளை இழந்துவிடுகிறான். எங்கள் கதையில் பாடிக் கேட்பவள் மனைவி. மதன் எழுந்துவருவான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது வரம். அங்கே பார்த்தால் போய்விடும்; இங்கே பார்க்க ஒருத்திக்குத்தான் முடியும்.

இப்போது பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' படிப்பிக்கிறேன். முதலில் வேலை பார்த்த இடத்தில், மீசையில்லாமல் வந்த திங்கட்கிழமை, "பொம்பள வேசம் கட்டுறவர் பிள்ளைகளுக்கு முன்னால எப்படி நிற்கிறது" என்று கேட்டார்கள். அதே வாய், தமிழ்த் தின விழாவுக்கு ஆள் இல்லாதபோது "சேர், அந்த ரதி பாட்டைக் கொஞ்சம்..." என்றது. பாடினேன். சம்பளத்தோடு கோபித்துக்கொள்ள முடியாது. இடையில் வானொலி நாடகத்துக்குக் குரல் கொடுத்தேன், மாதா கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரலும் பாடினேன். பஸ் காசு போக மிச்சம் பெரிதாக இல்லை.

நடிப்பில் எனக்கு இன்றைக்கும் கஷ்டமானது எரிகிற கட்டமில்லை. மூன்றாம் நாள், மதன் உயிர்த்த பிறகு வருவதுதான். அவன் மற்றவர்களுக்குத் தெரியமாட்டானே, அதனால் மதன் கட்டின பையன் வேஷம் கலைத்துச் சோறு தின்னப் போய்விடுவான். நான் வெறும் இடத்தைப் பார்த்துப் பாடவேண்டும். அந்தப் பையனின் நாடி உயரத்தில், என் இடது பக்கம் ஒரு புள்ளியைக் குறித்துவைத்திருக்கிறேன். கண் அங்கிருந்து ஒரு விரற்கடை விலகினாலும் ஜனத்துக்குத் தெரிந்துவிடும்.

போன மாசியில் அப்படிப் பாடிக்கொண்டே, மதனைக் கைபிடித்து நடத்துவது போல முன்வரிசைப் பக்கம் வந்தேன். உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளையொன்று என்னைப் பார்த்தது, என் பக்கத்தைப் பார்த்தது, சாக்கை இழுத்துக்கொண்டு ஒதுங்கி ஓராள் நடக்க வழி விட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்த நிமிசம் அதன் அண்ணன் வந்து அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.