பேட்டரி டிரைவரில் பாதிப் பிழை அலகில்தான்

லினக்ஸில் பேட்டரி சதவீதம் தாறுமாறாகத் தெரிந்தால் எல்லோரும் முதலில் செல்லைத்தான் சந்தேகப்படுகிறார்கள். டிரைவரை, அதாவது பேட்டரியைப் படித்து லினக்ஸுக்குச் சொல்லும் நிரலை, திறந்து பார்த்தால், பல சமயம் ஆயிரத்தால் பெருக்க மறந்திருப்பார்கள், அல்லது ஒரு மைனஸ் குறி தொலைந்திருக்கும்.

லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பவர் சப்ளை பகுதி மின்னழுத்தம், மின்னோட்டம், ஆற்றல் மூன்றையும் மைக்ரோ அலகில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கேட்கும். வெப்பநிலைக்குப் பத்தில் ஒரு டிகிரி செல்சியஸ். சதவீதம் மட்டும் நமக்குப் பழகிய 0 முதல் 100. பேட்டரிக்குள் இருக்கும் சிப்போ மில்லியில் (ஆயிரத்தில் ஒரு பங்கு) பேசும்.

லேப்டாப் பேட்டரி சிப்கள் பேசும் ஸ்மார்ட் பேட்டரி தரநிலையில் 10ஆம் ரெஜிஸ்டர் (சிப்பில் ஒரு மதிப்பு இருக்கும் எண்ணிட்ட இடம்) மின்னோட்டம். அதைப் படித்தால் 64286 வருகிறது என்று வையுங்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் 64 ஆம்பியர்! லேப்டாப் எரிந்தே போயிருக்கும். அது 16 பிட் குறியுள்ள எண், அதாவது மைனஸாகவும் இருக்கலாம். 65536ஐக் கழித்தால் மைனஸ் 1250 மில்லிஆம்பியர், அதாவது பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கிக் குறியோடு அப்படியே திருப்பிக் கொடுங்கள்: இறங்கும்போது மைனஸ், ஏறும்போது பிளஸ் என்றுதான் கெர்னல் ஆவணம் சொல்கிறது. ஏசிபிஐ (லேப்டாப்பின் ஃபர்ம்வேர் வழியாகப் பேட்டரி விவரம் தரும் தரநிலை) டிரைவர் எப்போதும் பிளஸ்தான் தரும் என்பது தனிக் கூத்து. டெஸ்க்டாப் நிரல் எழுதுபவர்கள் குறியை நம்பாமல் நிலையைத் தனியாகப் படிப்பது நல்லது.

வெப்பநிலை ரெஜிஸ்டர் பத்தில் ஒரு கெல்வினில் வரும். 2982 வந்தால் 2731ஐக் கழித்து 251 என்று கொடுக்க வேண்டும். 'சரியாக' 25 என்று கொடுத்தால் திரையில் 2.5 டிகிரி.

திறனை வாட்டில் கணக்கிடும்போது இன்னொரு குழி. 11.4 வோல்ட்டையும் 1.25 ஆம்பியரையும் மைக்ரோவாக்கிப் பெருக்கினால் 32 பிட் எண் நிரம்பி வழிந்து, ஏதோ குப்பை வரும். மில்லியிலேயே பெருக்குங்கள்: 11400 × 1250 = 14250000. மில்லிவோல்ட்டை மில்லிஆம்பியரால் பெருக்கினால் விடை நேராக மைக்ரோவாட்டில்தான் வரும், மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

மீதி இருப்பை மில்லிஆம்பியர்-மணியிலும் முழுக் கொள்ளளவை வாட்-மணியிலும் படித்து வகுத்துவிடாதீர்கள். ஸ்மார்ட் பேட்டரியில் பயன்முறை ரெஜிஸ்டரின் 15ஆம் பிட்தான் இரண்டில் எது என்று முடிவு செய்கிறது. வாட்-மணிப் பக்கம் போனால் ஒவ்வொரு எண்ணும் 10 மில்லிவாட்-மணி. படிப்பதற்கு முன் அந்த பிட்டை நீங்களே வைத்துவிடுங்கள், யாரோ வைத்ததை நம்ப வேண்டாம்.

ஏசிபிஐயில் 'தெரியாது' என்பதற்கு 4294967295 என்ற எண் வரும். குறியுள்ள மாறியில் விழுந்தால் அது மைனஸ் 1; ஆயிரத்தால் பெருக்கினால் மைனஸ் 1000 என்று நம்பும்படியான ஒரு மின்னோட்டம் உருவாகிவிடும். பெருக்குவதற்கு முன்பே சோதித்து, தரவு இல்லை என்ற பிழைக் குறியைத் திருப்பி அனுப்புங்கள். மீதி இருப்புக்குப் பூஜ்ஜியம் அனுப்புவது அதைவிட மோசம்: பேட்டரி காலி என்று நம்பி டெஸ்க்டாப் கணினியை அணைத்துவிடலாம்.

கடைசியாக, சார்ஜ் வரம்பு 80 என்று வைத்த லேப்டாப்பில் அடாப்டர் மாட்டியிருக்கும், மின்னோட்டம் பூஜ்ஜியம். அதை 'இறங்குகிறது' என்றோ 'நிறைந்தது' என்றோ சொல்லாமல் 'சார்ஜ் ஆகவில்லை' என்ற நிலையைக் கொடுங்கள். நிலை மாறியதும் பவர் சப்ளை மாறிய அறிவிப்பையும் அனுப்புங்கள். இல்லையென்றால் அடாப்டரைப் பிடுங்கினாலும், டெஸ்க்டாப் அடுத்த முறை தானாக வந்து படிக்கும்வரை ஐகான் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.